சல்பேட் இல்லாத கடல்நீரில்

உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். சமையல் உப்பு படிந்த பிறகும் பாத்தியில் கொஞ்சம் நீர் மிஞ்சி நிற்கும். அதை நாக்கில் வைத்தால் கசக்கும். மக்னீசிய உப்புகள்தாம் அந்தக் கசப்புக்குக் காரணம். மருந்துக் கடையில் விற்கும் பேதி உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட், அவற்றில் ஒன்று. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் சல்பேட் மட்டும் ஏறக்குறைய 2.7 கிராம்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. கடல்நீரில் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு, சல்பேட்டை மட்டும் நீக்கிவிட்டால், அதில் வளரும் ஓர் உயிருக்கு என்ன ஆகும்?

‘ஒன்றும் ஆகாது’ என்றுதான் சொல்லத் தோன்றும். சல்பேட் உணவு அன்று. விலங்குகள் அதிலிருந்து ஆற்றல் பெறுவதில்லை. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றுக்கு நரம்பிலும் தசையிலும் எலும்பிலும் வேலை உண்டு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். சல்பேட்டுக்கு என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வராது.

இந்தக் கேள்வியை ஒருவர் பரிசோதனை செய்தே கேட்டார். விடையும் கிடைத்தது. ஆனால் அந்த விடையின் பொருள் விளங்கத் தொடங்கவே எழுபது ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு முள் உருண்டை

கதையின் நாயகன் கடல் முள்ளெலி. பெயரில்தான் எலி, உண்மையில் இது நட்சத்திர மீனின் உறவினம். உருண்டையான ஓடு, அதன்மேல் எல்லாத் திசைகளிலும் முட்கள், அடிப்பக்கத்தில் வாய். பாறை இடுக்குகளில் கடற்பாசியைச் சுரண்டித் தின்று வாழ்கிறது. மன்னார் வளைகுடாவிலும் இதன் இனங்கள் உண்டு. தெரியாமல் மிதித்தவர்கள் இதை மறக்கமாட்டார்கள்!

உயிரியல் அறிஞர்களுக்கு இந்தப் பிராணியின்மேல் இவ்வளவு மோகம் ஏன்? காரணம் இதன் முட்டைகள். ஒரு பெண் விலங்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். சிறிது பொட்டாசியம் குளோரைடுக் கரைசலை உடலுக்குள் செலுத்தினால் போதும். முட்டைகள் பொலபொலவென்று வெளிவரும். ஆண் விலங்கிடமிருந்து விந்தணுக்களையும் இப்படியே பெறலாம். இரண்டையும் ஒரு கிண்ணம் கடல்நீரில் கலந்தால் கருவுறுதல் நம் கண்முன்னே நடக்கும். முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் பல இனங்களில் அது கண்ணாடிபோல் தெளிவானது. நுண்பெருக்கியில் பார்த்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் என்ற ஜெர்மானியர், விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றுசேர்வதை விளக்கியது கடல் முள்ளெலியின் முட்டையைப் பார்த்துத்தான்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் அந்தோன் டோர்ன் என்பவர் 1872-இல் ஒரு கடல் விலங்கியல் நிலையத்தை நிறுவினார். பல நாட்டு அறிஞர்கள் அங்கே ஒரு மேசையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வார்கள். அப்படி வந்தவர்களில் இருவர் ஹான்ஸ் டிரீஷும் அவருடைய நண்பர் கர்ட் ஹெர்ப்ஸ்டும். டிரீஷ் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். இரண்டு செல் நிலையில் இருந்த கருவைக் குலுக்கிப் பிரித்து, ஒவ்வொரு செல்லும் ஒரு முழு லார்வாவாக வளர்வதை 1891-இல் கண்டவர் அவர். ஹெர்ப்ஸ்ட் அவ்வளவு புகழ் பெறவில்லை. என்னைக் கேட்டால், பொறுமையில் அவர் டிரீஷையும் மிஞ்சியவர். அவர் செய்த வேலை இதுதான்: உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரிப்பார். ஒவ்வொரு முறையும் அதில் ஏதாவது ஒரு பொருளை விட்டுவிடுவார். அந்த நீரில் கரு எப்படி வளர்கிறது என்று பார்ப்பார்.

கால்சியத்தை விட்டுவிட்டபோது கருவின் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன. 1900-இல் அவர் வெளியிட்ட அந்த முறையைத்தான், கருவின் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்க ஆய்வுக்கூடங்கள் இன்றும் கையாள்கின்றன. பிறகு சல்பேட்டின் முறை வந்தது. மக்னீசியம் சல்பேட்டுக்குப் பதிலாக மக்னீசியம் குளோரைடைச் சேர்த்துவிட்டால் சல்பேட் இல்லாத கடல்நீர் தயார்.

1904-இல் ஹெர்ப்ஸ்ட் சொன்ன முடிவு விசித்திரமாக இருந்தது. கரு உடனே சாகவில்லை. செல்கள் வழக்கம்போல் இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிந்தன. உள்ளே குழியுள்ள பந்தும் உருவாயிற்று. அதற்கு மேல்தான் வளர்ச்சி தடுமாறியது. குடல் சரியாக அமையவில்லை, சட்டகமும் உருப்படவில்லை, லார்வாவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கும் ஒழுங்கும் கெட்டுப்போயிற்று.

அதாவது செல் பிரிவதற்குச் சல்பேட் தேவையில்லை. உருவம் பெறுவதற்குத்தான் தேவை. ஏன்?

பந்து குழியும் நேரம்

முதலில் இயல்பான கருவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். சில நூறு செல்கள் ஒற்றை அடுக்காக நின்று ஒரு பந்தின் சுவராகின்றன. இதற்குப் பிளாஸ்டுலா என்று பெயர். ஒரு டென்னிஸ் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்துப் பந்தின் அடிப்பக்கம் தட்டையாகிறது. அங்கிருந்து சில செல்கள், ஓர் அமெரிக்க இனத்தில் 32 செல்கள், சுவரை விட்டுக் கழன்று உட்குழிக்குள் நழுவுகின்றன. அவை உட்சுவரைத் தொற்றிக்கொண்டு நகர்ந்து, ஒரு வளையமாக அணிவகுத்து, சுண்ணாம்புக் குச்சிகளை உருவாக்கத் தொடங்குகின்றன. லார்வாவின் சட்டகம் இதுதான். ஆகவே அவற்றைச் சட்டகம் கட்டும் செல்கள் என்று அழைப்போம். இதைத் தொடர்ந்து அடிப்பக்கத் தட்டு முழுதும் உள்ளே குழிகிறது. காற்று இறங்கிய பந்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் குழிவதுபோல! ஆனால் இங்கே அமுக்க விரல் எதுவும் இல்லை. இந்தக் குழிதான் நீண்டு குடலாகிறது.

நாம் இதுவரை செல்களை மட்டுமே பேசினோம். பந்தின் உட்குழி வெற்றிடம் அன்று. அதில் மெல்லிய கூழ் நிறைந்திருக்கிறது. பந்தின் வெளிப்புறத்தையும் ஒளி ஊடுருவும் ஒரு படலம் போர்த்தியிருக்கிறது. கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு ஹயலின் படலம் என்று பெயரிட்டார்கள். இந்தக் கூழும் படலமும் செல்கள் தாமே செய்து வெளியே தள்ளியவை. இவற்றைச் செல்வெளிப் பொருள் என்று சொல்லலாம். நம் உடலின் குருத்தெலும்பிலும் பெரும்பகுதி இத்தகைய செல்வெளிப் பொருள்தான். கட்டடத்தில் செங்கலுக்கு நடுவே கிடக்கும் சாந்து போன்றது இது என்று வெகுகாலம் கருதினார்கள். சாந்து என்றால் சும்மா கிடப்பது. இது சும்மா கிடப்பதில்லை என்பதுதான் நம் கதையின் சாரம்.

சர்க்கரைச் சங்கிலி

செல்வெளிப் பொருளில் முக்கியமான ஒரு வகைக்குப் புரோட்டியோகிளைக்கான் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புட்டி கழுவும் பிரஷ்ஷைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் மயிர்கள். அதைப் போல நடுவில் ஒரு புரதம். அதிலிருந்து நாலாபுறமும் நீளும் சர்க்கரைச் சங்கிலிகள். நீங்கள் காப்பியில் போடும் சர்க்கரை அன்று இது; வேதியியலில் சர்க்கரை என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர்.

சங்கிலி கட்டப்படும் முறை சுவையானது. புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலம் உள்ள சில இடங்களில், முதலில் சைலோஸ் என்னும் சர்க்கரை கொக்கிபோல் மாட்டப்படுகிறது. அதன்மேல் ஒரு காலக்டோஸ், இன்னொரு காலக்டோஸ், பிறகு ஒரு குளுக்குரோனிக் அமிலம். இந்த நான்கும் கைப்பிடி. கடல் முள்ளெலியில் உள்ள கைப்பிடியும் உங்கள் உடலில் உள்ள கைப்பிடியும் ஒன்றே! இதற்குப் பின் இரண்டிரண்டு சர்க்கரைகளாக ஒரே ஜோடி திரும்பத் திரும்பக் கோக்கப்பட்டுச் சங்கிலி நீள்கிறது. காண்ட்ராய்டின் சல்பேட் என்னும் வகையில் அந்த ஜோடி, குளுக்குரோனிக் அமிலமும் அசெட்டைல் காலக்டோசமினும்.

இந்தப் பெயரின் பின்பாதியைக் கவனித்தீர்களா? சல்பேட்! சங்கிலியில் இடம்விட்டு இடம்விட்டுச் சல்பேட் ஒட்டவைக்கப்படுகிறது. ஆனால் கடல்நீரில் மிதக்கும் சல்பேட் அயனி மந்தமானது. எதனோடும் தானாகச் சேராது. செல் முதலில் அதை உள்ளே இழுத்து, ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறுகள் இரண்டைச் செலவழித்து, வீரியம் மிக்க ஒரு வடிவமாக்குகிறது. இந்த ‘கிளர்ந்த சல்பேட்’ என்ன என்பதை 1950களின் பிற்பகுதியில் பிலிப்ஸ் ராபின்சும் பிரிட்ஸ் லிப்மனும் கண்டறிந்தார்கள். செல்லுக்குள் இருக்கும் கால்கி உறுப்பில் நொதிகள் இதிலிருந்து சல்பேட்டை எடுத்துச் சர்க்கரைமேல் பதிக்கின்றன.

இத்தனை சிரமம் எதற்கு? சல்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. சங்கிலி முழுதும் எதிர்மின்னூட்டம் நிறைந்தால் அதன் பகுதிகள் ஒன்றையொன்று விலக்கும். அதனால் சங்கிலி சுருண்டு கிடக்காமல் விறைத்து விரியும். சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் அதைச் சுற்றிக் கூடும். அவற்றைத் தொடர்ந்து நீரும் வந்து சேரும். சப்ஜா விதையை நீரில் போட்டால் சற்று நேரத்தில் சுற்றிலும் வழவழப்பான கூழ் உப்பி நிற்கும் அல்லவா? அதுவும் சர்க்கரைச் சங்கிலிகள் நீரைப் பிடித்துவைப்பதுதான். சல்பேட் ஏறிய சங்கிலிகள் இந்த வேலையில் வல்லவை.

நகர மறுத்த செல்கள்

1974-இல் அமெரிக்காவில் ஜெரால்ட் கார்ப், மைக்கேல் சோலர்ஷ் என்ற இருவர் ஹெர்ப்ஸ்டின் பழைய பரிசோதனையைத் திரும்பச் செய்தார்கள். இம்முறை அவர்கள் கையில் எலெக்ட்ரான் நுண்பெருக்கி இருந்தது. சல்பேட் இல்லாத நீரிலும் சட்டகம் கட்டும் செல்கள் சுவரை விட்டு உள்ளே நழுவத்தான் செய்தன. ஆனால் நழுவிய இடத்திலேயே குவியலாகக் கிடந்தன. நகரவில்லை. அவற்றின் மேற்பரப்பும் இயல்பான செல்களின் மேற்பரப்பிலிருந்து வேறுபட்டிருந்தது.

‘ஆகா, சல்பேட் ஏறிய சர்க்கரைதான் நகர்வதற்குத் தேவை’ என்று உடனே முடிவு கட்டிவிடலாமா? கூடாது. சல்பேட் இல்லாததால் கருவில் வேறு ஏதோ ஒன்று கெட்டு, அதனால் செல்கள் நலிந்திருக்கலாம். ஒரு பரிசோதனையை மட்டும் நம்பினால் இந்தச் சந்தேகம் தீராது. வேறொரு வழியில் வந்து பார்க்க வேண்டும்.

அந்த வேறு வழி ஓர் ஏமாற்று வித்தை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே. சங்கிலி கட்டும் நொதிகள் தேடுவது சைலோஸ் கொக்கியை என்று பார்த்தோம். புரதத்தோடு சேராத, தனியே மிதக்கும் சைலோஸ் கொக்கிகளை ஏராளமாகக் கொடுத்தால்? பூக்கட்டுபவரின் முன்னால் நீளமான நாருக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான துண்டு நார்களைப் போட்டது போலாகும். பூவெல்லாம் துண்டு நாரிலேயே செலவாகிவிடும், மாலை உருவாகாது. சைலோசைடு எனப்படும் பொருள்கள் இப்படித்தான் நொதிகளை ஏமாற்றுகின்றன. சங்கிலிகள் போலிக் கொக்கியில் வளர்ந்து, எங்கும் கட்டப்படாமல் மிதந்து போகின்றன. புரதம் மயிர் உதிர்ந்த பிரஷ்ஷாக மொட்டையாக நிற்கிறது.

1979-இல் ஜப்பானில் கினோஷிதாவும் சைகாவும் சைலோசைடு கொடுத்துக் கடல் முள்ளெலிக் கருக்களின் வளர்ச்சி கெடுவதைக் காட்டினார்கள். 1986-இல் சோலர்ஷ் குழுவினர் அதே பொருள் செல்களின் நகர்வைத் தடுப்பதை வெளியிட்டார்கள். இங்கே கடல்நீரில் சல்பேட் நிறைய இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. ஆனால் சங்கிலி புரதத்தில் கட்டப்பட்டு உரிய இடத்தில் நிற்கவில்லை. விளைவு அதேதான்: செல்கள் நகரவில்லை. இரண்டு வெவ்வேறு வழிகள் ஒரே இடத்தில் வந்து முடிந்தால் நம்பிக்கை வலுப்படுகிறது அல்லவா?

விரல் இல்லாமல் குழிவது எப்படி?

இனி அந்தக் குழிக்கு வருவோம். நீங்களே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். படம் பிரதி எடுக்கப் பயன்படும் டிரேசிங் தாளில் ஒரு சிறு துண்டை வெட்டி, தட்டிலுள்ள நீரின்மேல் மெதுவாக மிதக்கவிடுங்கள். சட்டென்று அதன் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். நனைந்த அடிப்பக்கம் விரிகிறது; உலர்ந்த மேற்பக்கம் விரிவதில்லை. இரண்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் தாள் வளைந்துதான் ஆகவேண்டும். இயற்பியலில் படித்த ஈருலோகப் பட்டை சூட்டில் வளைவதும் இதே தத்துவந்தான்.

1993-இல் மேரி கான்ஸ்டன்ஸ் லேன், மிமி கோல், பிரெட் வில்ட், ரே கெல்லர் ஆகிய நால்வர், கருவிலும் இதுவே நடக்கிறது என்று சொன்னார்கள். கருவின் வெளிப்படலம் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. அடித்தட்டின் செல்கள் உரிய நேரத்தில் காண்ட்ராய்டின் சல்பேட் புரோட்டியோகிளைக்கானை, தங்களை ஒட்டியுள்ள உள்ளடுக்கில் சுரக்கின்றன. அது நீரை ஈர்த்து உப்புகிறது. மேலே உள்ள ஹயலின் அடுக்கு உப்புவதில்லை. அப்படியானால் எந்தப் பக்கம் வளையும்? தாளை நினைத்துப் பாருங்கள். உப்பிய பக்கம் புடைக்கும். உப்பாத பக்கம் குழியும். ஆகவே வெளிப்புறத்தில் குழி விழுகிறது. சுவர் உள்நோக்கி வளைகிறது. செல்லின் சுரப்பைச் செயற்கையாக முன்கூட்டியே தூண்டியபோது, குழிவதும் முன்கூட்டியே நிகழ்ந்தது.

அழகான விளக்கம்தான். ஆனால் அழகாக இருப்பதாலேயே ஒரு விளக்கம் முழு உண்மையாகிவிடாது. சுருக்குப்பையின் வாயைக் கயிறு இழுத்துச் சுருக்குவதுபோலச் செல்கள் தங்கள் வெளிமுனையைத் தாமே சுருக்கியும் சுவரை வளைக்கலாம். அப்படிப் புட்டி வடிவில் சுருங்கும் செல்கள் அடித்தட்டில் உண்மையிலேயே இருக்கின்றன. 1995-இல் லான்ஸ் டேவிட்சனும் கோலும் கெல்லரும் ஜார்ஜ் ஆஸ்டரும் ஐந்து விதமான வழிமுறைகளைக் கணிப்பொறியில் இயக்கி ஒப்பிட்டார்கள். எது சாத்தியம் என்பது, செல்களோடு ஒப்பிடும்போது வெளிப்படலம் எவ்வளவு விறைப்பானது என்பதைப் பொறுத்தது என்று தெரிந்தது. ஆகவே கூழின் உப்பலும் செல்களின் சுருக்கமும் சேர்ந்து உழைக்கின்றன என்று கொள்வதே இப்போதைக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

கரு உருவாவதற்கு முன்பே சல்பேட் ஏறிய சர்க்கரைக்கு வேலை தொடங்கிவிடுகிறது என்பதையும் இடையே சொல்லிவிடுகிறேன். முட்டையைச் சுற்றியுள்ள கூழில் ஒருவகைச் சங்கிலி உண்டு. பிரேசில் கடலில் ஒன்றாக வாழும் இரண்டு இனங்களை ரியோ டி ஜெனீராவில் பாவுலோ மவுராவ் குழுவினர் ஆராய்ந்து 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் இனத்தில் சங்கிலி பியூகோஸ் சர்க்கரையால் ஆனது, மற்றதில் காலக்டோஸ். இரண்டிலும் சல்பேட் உண்டு. ஆனால் அது பதிந்திருக்கும் ஒழுங்கு வேறு. விந்தணு தன் இனத்தின் சங்கிலியைத் தொட்டால்தான் முட்டையைத் துளைக்கத் தயாராகிறது. எத்தனையோ இனங்கள் ஒரே நீரில் முட்டையையும் விந்தணுவையும் விடும் கடலில், இது ஓர் அடையாளச் சீட்டு!

ஹெர்ப்ஸ்ட் கண்ட இன்னொன்று மீதியிருக்கிறது. இடம் வலம் என்ற ஒழுங்கு ஏன் கெட்டது? கருவில் எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் முதுகு என்பதைச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் புரதச் செய்திகள் தீர்மானிக்கின்றன. அந்தச் செய்திகள் இந்தச் சர்க்கரைக் காட்டின் வழியாகத்தான் போகவேண்டும். 2011-இல் கனடாவில் ஒரு குழுவினர் கருக்களுக்குக் குளோரேட் கொடுத்தார்கள். கிளர்ந்த சல்பேட் உருவாகாமல் தடுக்கும் பொருள் அது. வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம் என்ற வேறுபாடு குலைந்தது, குழிவதும் பழுதுபட்டது. ஹெர்ப்ஸ்ட் சல்பேட்டை நீரிலிருந்து எடுத்தார். இவர்கள் நீரில் விட்டுவைத்து, அதைப் பயன்படுத்தும் வழியை அடைத்தார்கள்.

உங்கள் மூட்டிலும்

முள்ளெலிக் கருவில் செல்கள் நகராமல் போனால் நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? காண்ட்ராய்டின் சல்பேட் உங்கள் முழங்கால் மூட்டின் குருத்தெலும்பிலும் நிறைந்திருக்கிறது. நீங்கள் மாடிப்படியில் குதித்து இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது, அதில் அடைபட்ட நீர்தான். கை கால் எலும்புகள் நீள வளர்வதும் குருத்தெலும்பின் வழியாகத்தான்.

சில குழந்தைகள் மிகக் குட்டையான கை கால்களோடும், உள்நோக்கித் திரும்பிய பாதங்களோடும், வெளிப்பக்கமாக விலகி நிற்கும் கட்டைவிரலோடும் பிறக்கிறார்கள். வளரவளர மூட்டுகள் இறுகி வலி எடுக்கும், முதுகெலும்பு வளையும். அறிவு வளர்ச்சியில் குறை இராது. டயஸ்ட்ரோபிக் டிஸ்பிளேசியா என்னும் இந்தப் பரம்பரைக் குறைபாடு பின்லாந்தில் மற்ற நாடுகளைவிட அதிகம். தாயும் தந்தையும் நலமாகவே இருப்பார்கள். இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்குக் குறை தெரியும். 1994-இல் அந்த ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அது சல்பேட்டைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் ஒரு வாயிற் புரதத்துக்கான ஜீன்.

நம் இரத்தத்தில் சல்பேட்டின் அளவு கடல்நீரில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அதில் பெரும்பகுதியும், நாம் உண்ணும் புரதத்தில் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களிலிருந்து உடல் தயாரித்துக்கொள்வது. இத்தனை குறைவாக இருப்பதை உள்ளே இழுக்க நல்ல வாயில் வேண்டும். இந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் சல்பேட்டுக்குக் குறைவில்லை. வாயில் பழுது. அதனால் குருத்தெலும்புச் செல்கள் கட்டும் சர்க்கரைச் சங்கிலிகளில் சல்பேட் போதுமான அளவு ஏறுவதில்லை. சுற்றிலும் சல்பேட் இருந்தும், அந்தச் செல்களுக்கு அது ஹெர்ப்ஸ்டின் கிண்ணத்து நீராகவே இருக்கிறது.